மூடியில் தெரிந்த இரண்டாவது ஆள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். ராதினா என் பக்கத்து வீட்டுக்காரி. பதினோரு வருஷப் பழக்கம். அரை மில்லிமீட்டர் பிசகினால்கூடச் சாப்பாடு இறங்காத பெண். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். அவளுடைய கேமராவில் பதிவான படத்தை நானும் பார்த்தேன். ஓரத்தில் நேரம் இருக்கிறது. மாலை 4:41.

ரூசே நகரில், டான்யூப் ஆற்றங்கரையோரம், மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் தரைத்தளத்தில் அவளுக்கும் ப்ளாமெனுக்கும் ஒரு பட்டறை இருக்கிறது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மின்சார ஸ்கேட்போர்டின் மோட்டாரை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலரை ப்ளாமென் செய்கிறான். அதைப் பாதுகாக்கும் அலுமினியப் பெட்டியை வடிவமைப்பது ராதினா. பலகைக்கு அடியில் தொங்கும் பெட்டி அது. மழைத்தண்ணீர் உள்ளே போகக் கூடாது. உள்ளே ஏறும் சூடு வெளியே போக வேண்டும். கல்லில் இடித்தாலும் நசுங்கக் கூடாது. கெட்டி அலுமினியத்தை மெஷினில் குடைந்து எடுத்துச் செய்வார்கள். எட்டு மாதமாக அதை வரைந்து வரைந்து பத்தொன்பது தடவை மாற்றினாள். கடைசி மாற்றத்தில் மூடியைக் கொஞ்சம் தடிமனாக்கினாள்.

முதலில் வந்த பெட்டியை வர்னாவிலிருக்கும் மோம்சிலுக்கு அனுப்பினார்கள். புதிதாக எது செய்தாலும் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவன்தான். வாய்த் துடுக்கு அதிகம். புதன்கிழமை போன் செய்தான்.

"இன்ஜினியரம்மா, உன் பெட்டி என்னைவிட அழகா இருக்கு. இதைப் போய் பலகைக்கு அடியில ஒளிச்சு வைக்கச் சொல்றியே?"

"அழகு கிடக்கட்டும். சூடு ஏறுதா?"

"ஒரு நாள் பொறு. நாளைக்கு நல்லா விரட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த நாளை என்பது நவம்பர் மாதத்து வியாழக்கிழமை. கறுப்புச் சாயம் ஏற்றி, கன்ட்ரோலரும் ஒயரும் பொருத்திய அறுபது பெட்டிகள் அட்டைக்குள் தயாராக இருந்தன. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவற்றை எடுத்துப்போக வண்டி வரும். ப்ளாமென் வேலையாக சோஃபியா போயிருந்தான். ராதினா மட்டும் தனியாக இருந்தாள். கடைசியாக ஒரே ஒரு சோதனை பாக்கி. சாயம் ஏற்றாத மாதிரிப் பெட்டியை மேசையில் பூட்டி, மோட்டாரை அரை மணி நேரம் ஓட்டி, வெப்பக் கேமராவில் சூடு பார்க்க வேண்டும்.

4:15க்கு மோட்டாரை ஓடவிட்டாள். வெளியே ஆற்றுப் பனி ஜன்னல்வரை வந்துவிட்டது.

4:36. வெளியே தாழ்வாரத்தில் ஒரு சத்தம். ஸ்கேட்போர்டு சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் உருளும் சத்தம். அதைவிட அவளுக்குப் பழகிய சத்தம் வேறில்லை. நிதானமாக வந்தது. பட்டறைக் கதவுவரை வந்து நின்றது.

"ப்ளாமென்? அதுக்குள்ள வந்துட்டியா?"



போய்க் கதவைத் திறந்தாள். தாழ்வாரம் காலியாக இருந்தது. முன்வாசலில் அவள் உள்பக்கமாகப் போட்ட பூட்டு போட்டபடியே தொங்கியது. மேல்மாடியில் எவனோ எதையோ உருட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

4:40. கேமராவை எடுத்துப் பெட்டிக்கு நேராகப் பிடித்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். சாயம் ஏற்றாத அலுமினியம் வெப்பக் கேமராவுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. தன் சூட்டைச் சரியாகக் காட்டாது. எதிரே நிற்பவரின் உடம்புச் சூட்டைத்தான் பிரதிபலிக்கும். ராதினாவுக்கு இது புதிதல்ல. திரையில், மூடியின் மேல், அவளுடைய உருவம் ஆரஞ்சு நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. தலை, தோள், கேமராவைப் பிடித்த கை.

அதற்குப் பின்னால் இன்னொன்று.

நீலமாக. தோளோடு தோள் உரசுகிற தூரத்தில். தலை மட்டும் பெரிதாக, உருண்டையாக, ஹெல்மெட் போட்டதுபோல...

சட்டென்று திரும்பினாள்.

யாரும் இல்லை.

கேமராவை அறைப்பக்கம் திருப்பினாள். ஹீட்டர் சிவப்பாகத் தெரிந்தது. அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் வெதுவெதுப்பான தடம். வேறெதுவும் இல்லை.

மறுபடி மூடியைப் பார்த்தாள். அது அங்கேயே நின்றது. அவள் இடதுபக்கம் சாய்ந்தாள். ஆரஞ்சு உருவமும் சாய்ந்தது.

நீலம் அசையவில்லை.

விரல் பட்டுப் பொத்தான் அமுங்கி, படம் பதிவானது. 4:41.

கேமராதான் கெட்டுப்போயிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிரதிபலிப்பைத் தடுக்க எப்போதும் செய்கிற வேலையைச் செய்தாள். கறுப்பு டேப்பைக் கிழித்து மூடி முழுக்க ஒட்டினாள். டேப் ஒட்டினால் பிம்பம் தெரியாது. பெட்டியின் நிஜமான சூடு மட்டும் தெரியும்.

4:44. நாற்பத்தொரு டிகிரி. சீராக இருந்தது. நீல உருவம் போய்விட்டது. மூச்சு விட்டாள்.

அப்புறம் ஒரு மூலையில் சூடு இறங்கியது.

முப்பது. இருபது. ஒன்பது...

மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

திரையில் நீலமாக ஒரு வடிவம் விரிந்தது. முதலில் ஒரு திட்டு. பிறகு நான்கு கோடுகள். பக்கத்தில் குட்டையாக ஐந்தாவது.

ஒரு கை.

பின்பக்கத்து இடது மூலையில் அழுத்தி வைத்த கை.

வெறும் கண்ணுக்கு அங்கே டேப் மட்டும்தான் தெரிந்தது. டேப் மெல்ல அமுங்கியது.

கை விலகியது. மறுபடி வந்து படிந்தது. அதே மூலை.

மறுபடி... அதே மூலை.

ராதினா பாய்ந்து மின் இணைப்பைப் பிடுங்கினாள். மோட்டார் நின்றது. 

ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று இன்றும் அவளுக்குத் தெரியவில்லை. திருப்புளியை எடுத்து ஆறு திருகையும் கழற்றி மூடியைத் தூக்கினாள்.

அந்த மூலையில், மோட்டாருக்குப் போகும் ஒயரின் மேல் மூடியின் விளிம்பு கத்திபோல உட்கார்ந்திருந்தது. உறை பாதி அறுந்து செம்பு மினுங்கியது. மூடியைத் தடிமனாக்கியபோது அந்த இடத்தில் விளிம்பைக் குறைக்க அவள் மறந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் உரசினால் செம்பு அலுமினியத்தில் பட்டு ஷார்ட் ஆகும். சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் முகம் குப்புறத் தார்ச்சாலையில் விழுவான்.

அட்டையிலிருந்து நான்கு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தாள். நான்கிலும் ஒயர் நசுங்கியிருந்தது.

ப்ளாமெனுக்குப் போன் போட்டாள்.

"வண்டிய வர வேண்டாம்னு சொல்லிடு. ஒண்ணும் போகக் கூடாது."

"விளையாடாத ராதினா. வாங்கறவங்க எல்லாம் இப்பவே நம்மளை இணையத்துல கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. மூணு தடவை தள்ளிப் போட்டாச்சு."

"ஒயர் அறுபடுதுடா. எல்லாத்துலயும்."

"சோதனையில தெரிஞ்சுதா?"

அவள் மூடியில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தாள்.

"ஆமா. சோதனையிலதான் தெரிஞ்சுது."

"...சரி. சொல்லிடறேன். நீ ஏன் அழற?"

அடுத்து மோம்சிலை அழைத்தாள். அந்தப் பெட்டியோடு அவன் ஓட்டக் கூடாது. 5:02க்கு முதல் அழைப்பு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு தடவை முயன்றாள். எடுக்கவில்லை.

இரவு மோம்சிலின் அக்கா நேதா கூப்பிட்டாள். மோம்சில் இறந்துவிட்டான். சாலையைக் கடக்கும்போது ஒரு வேன் அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

"பலகை... பலகை பூட்டிக்கிச்சா? அதனாலயா?" ராதினா கேட்டாள்.

"அவன் அப்ப ஓட்டவே இல்லம்மா. கையில தூக்கிட்டு நடந்து வந்திருக்கான். போனைப் பாத்துக்கிட்டே இறங்கிட்டானாம்."

நாற்பதாம் நாள் நினைவுக்கு ராதினா வர்னா போனாள். கல்லறையில் நேதா அங்கத்து வழக்கப்படி எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் வேகவைத்த கோதுமை கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு ராதினாவைத் தனியே அழைத்தாள். கைப்பையிலிருந்து மோம்சிலின் போனை எடுத்தாள். கண்ணாடி முழுக்க விரிசல்.

"நேத்துதான் இதைத் திறக்க முடிஞ்சுது. உனக்கு ஏதோ எழுதியிருக்கான். அனுப்பலை. அதுக்குள்ள..." நேதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் விளங்கலை. நீயே பாரு."

வியாழக்கிழமை, மாலை 4:33 என்று இருந்தது. வேன் மோதியது 4:34க்கு என்று போலீஸ் எழுதியிருக்கிறது. வர்னாவிலிருந்து ரூசேக்கு இருநூறு கிலோமீட்டர்.

ராதினா விரிசலுக்கு நடுவே படித்தாள்.

"இன்ஜினியரம்மா, ஓட்டுறப்ப பலகை ஒரு தடவை உதறுச்சு. திறந்து பாத்தேன். பின்பக்கம் இடது மூலை, மூடி ஒயரைக் கடிக்குது. ஒண்ணையும் அனுப்பிடாத. எழுதினா உனக்கு எந்த இடம்னு புரியாது. நானே வந்து கையை வெச்சுக் காட்டுறேன்."