சமர்ப்பி பட்டனைக் காணோம்

சங்கராபுரத்துல நான் வேலை செய்யற இ-சேவை சென்டர்ல ஒரே கம்ப்யூட்டர்தான். காலையில சீனியர் அண்ணன், மதியம் நான். ஆளுக்கொரு லாகின்.

இன்னிக்கு மலைமேல இருக்கற கரியாலூர்ல இருந்து ஒருத்தர், மகளோட சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தாரு. ஸ்கிரீன்ல எழுத்து பூசணிக்கா சைஸ்ல நிக்குது. எப்படியோ எல்லாம் டைப் பண்ணிட்டுப் பார்த்தா, கீழ இருக்கற 'சமர்ப்பி' பட்டன் ஸ்கிரீனுக்கு வெளிய போயிடுச்சு.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஸ்கிரீன் ரெசல்யூஷன மாத்தினீங்களா?"

"ஆமா, எழுத்து தெரியல, குறைச்சேன். என் லாகின்ல மாத்தினா உன்னுதுல இன்னாத்துக்கு மாறுது? கம்ப்யூட்டர் கத்துக்கினு வேலைக்கு வா."

"இந்த மெஷின்ல ரெசல்யூஷன் எல்லா லாகினுக்கும் மாறுதுண்ணா. எழுத்து சைஸ மட்டும் பெருசாக்குங்க, அது உங்க லாகினோட நிக்கும்."

"பொம்பளப் புள்ள எனக்குப் பாடம் எடுக்கறியா?" கட் பண்ணிட்டாரு.

நான் சரிபண்றதுக்குள்ள சைட் தானா லாக்-அவுட் ஆயிடுச்சு; மறுபடி மொதல்ல இருந்து டைப் பண்ணி அனுப்பறதுக்குள்ள மலைக்குப் போற பஸ் போயிடுச்சு. வந்தவரு ஒரு வார்த்தை திட்டல. "அடுத்த பஸ்ல போய்க்கறேங்க"ன்னாரு. அதுலதான் எனக்கு இன்னும் ஜாஸ்தி எரிஞ்சுது.

கண்ணாடி போட்டா வயசு தெரிஞ்சிடும்னு பயப்படற அண்ணன் உங்க ஆபீஸ்லயும் இருக்காரா? பேரு வேணாம். எப்படிச் சமாளிக்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க.