அய்யாவு தம்பி சரக்கேற்றிய மாடி அறை

ஜோகூர் பாருவில் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்புறத் தெருவில், ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே சாக்குக் கடை. மேலே ஒரே கூடமாக இருந்ததைக் கடைக்காரத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, பலகை வைத்துத் தடுத்து, அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார். பலகை மோட்டு வரைக்கும் போகாது. எங்கள் அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து ஆயுசு நூறு என்று வாழ்த்து வரும்.

அப்படி வாழ்த்துகிறவர் அய்யாவு தம்பிதான். கடலுக்குக் குறுக்கே அணை கட்டி, சிங்கப்பூர் வரைக்கும் ரயில் ஓட ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. தம்பிக்கு ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் சரக்கு ஏற்றுகிற வேலை. நல்ல நெட்டை. நல்ல மனசு. ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, ஒன்றைத் தவிர. தன் அறையையும் கூட்ஸ் வண்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"கனம் கீழ, லேசு மேல, உடையறது நடுவுல. கடைசியா இறங்க வேண்டியது முதல்ல ஏறணும். அவ்வளவுதான் அக்கா வித்தை" என்பார் என்னிடம்.

அந்த வித்தையில் அறைக்குள் என்னதான் ஏறவில்லை! அரிசி டின்களின் மேல் பலகை, பலகை மேல் டிரங்குப் பெட்டி, பெட்டி மேல் சுருட்டிய பாய், பாய்க்குள் அகப்பைகள். மோட்டு உத்தரத்திலிருந்து கயிறு கட்டிச் சைக்கிள் தலைகீழாகத் தொங்கும். ஒரு பழைய குடையை விரித்துக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார். பாத்திரம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. சின்ன ஈயச் சட்டி வேண்டுமென்றால் மூன்று அண்டாவைக் கழற்ற வேண்டும்.

அவர் வீட்டுக்காரி ராசம்மாவுக்குக் குத்தலான வாய். "அக்கா, உளுந்து எந்த ஸ்டேஷன்ல இறங்குதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். காலையிலேருந்து தேடுறேன்" என்று பலகைக்கு மேலாகக் குரல் கொடுப்பாள்.

"பருப்புக்கு அடுத்த ஸ்டேஷன்" என்பார் தம்பி, சட்டை மாட்டிக்கொண்டே.

"பருப்பு எங்க?"

"அது வேற லைன்."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் குறை ஒன்றே ஒன்று. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. ஒரு தரம் வயிற்றில் வந்தது தங்கவில்லை. அந்த வருஷம் தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் போனவர்கள் முருகன் படம் ஒன்று வாங்கி வந்தார்கள். கண்ணாடி போட்ட பெரிய படம். சுவரில் கால்வாசியை அதுவே எடுத்துக்கொண்டது. ரெண்டு மாதத்தில் ராசம்மாவுக்கு நாள் தள்ளிப்போயிற்று. எல்லாம் அவன் அருள். அய்யாவு தம்பி அன்றைக்கே படத்தின் முன்னால் அகல் ஏற்றி, "பிள்ளை கைக்கு வர்ற வரைக்கும் இந்த விளக்கு அணையாது" என்று வேண்டிக்கொண்டார்.

வேண்டுதல் சுலபமாகச் செய்துவிட்டார். இடம் விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. எரிகிற விளக்குக்கு மேலே எதையும் தொங்கவிட முடியாது. பக்கத்தில் சாக்கு வைக்க முடியாது. அந்த மூலையைக் காலி பண்ண, மற்ற மூலைகள் எல்லாம் இன்னும் நெருக்கிக்கொண்டன.

"இந்த அறையில முருகன் ஒருத்தர்தான் விசாலமா இருக்கார்" என்பாள் ராசம்மா.

தூங்குவதிலும் சிக்கல். படம் கிழக்குச் சுவரில். மேற்கே தலை வைத்தால் கால் முருகனைப் பார்க்கும். வடக்கே தலை வைக்கவே கூடாது. கிழக்கே வைத்தால் விளக்குக்கடியில் தலைமுடி போகும். தெற்கே வைக்கலாம், ஆனால் தம்பியின் உயரத்துக்கு அந்த அகலம் பற்றாது. யோசித்து யோசித்துக் கடைசியில் ரெண்டு பேரும் மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்தார்கள். வயிறு பெருக்கப் பெருக்க, தம்பி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, முழங்காலை மடக்கி அரிசி டின்னைக் கட்டிக்கொண்டு தூங்கினார்.

பேறுகாலம் நெருங்கவும் மருத்துவச்சி பேச்சியம்மாள் பார்க்க வந்தார். பின் தெருவில் இருந்தவர். இந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர் கைதான் முதல் கை. வாசலில் நின்று அறையைக் கீழிருந்து மேல் வரைக்கும் பார்த்தார். மேலே சைக்கிளைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்தார்.

"ஏய்யா அய்யாவு, எல்லாம் இருக்கு. புள்ள பெத்துப்போட எடம் எங்கய்யா?"

"வலி கண்டதும் ஒரு சொல் சொல்லுங்க ஆத்தா. நொடியில இறக்கிடுவேன். முழு வண்டியையே இறக்கறவன் நான்."

"வலி ஒன் வேல நேரம் கேட்டுக்கிட்டா வரும்? இப்பவே காலி பண்ணு."

"எங்க வைக்கறது ஆத்தா? அறைக்கு வெளிய நடைபாதை எல்லாருக்கும் பொது. ஒரு பொழுதுன்னா பொறுத்துக்குவாங்க. நாள் கணக்கா வெச்சா தவுக்கே என்னையே இறக்கிடுவார்."

"அப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இன்னொண்ணும் கேட்டுக்க. புள்ள பொறக்குற அறையில சாமி இருக்கக் கூடாது. படமும் வெளக்கும் வெளிய போயிரணும்."

ஆஸ்பத்திரி என்றதும் ராசம்மா அழுதுவிட்டாள். பகலில் தம்பி வேலைக்குப் போய்விட்டால் விளக்குக்கு எண்ணெய் விடுகிறவள் அவள்தான். "நான் அங்க போய்ப் படுத்துக்கிட்டா இது அணைஞ்சு போயிடும் அக்கா. முன்ன மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு" என்றாள். அதற்கு மேல் யாரும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. படமும் விளக்கும் வலி கண்டதும் எங்கள் அறைக்கு வந்துவிடும் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

நாம் ஒன்று பேசி வைக்கிறோம், நடப்பது வேறு. என் வீட்டுக்காரருடைய பங்காளி ஒருவர் ஊரில் தவறிப்போன சேதி அந்த வாரம்தான் வந்தது. எங்கள் அறையில் தீட்டு. விளக்கு ஏற்றக் கூடாது, ஏற்றிய விளக்கை நான் தொடவும் கூடாது. வேறு இடம் பார்க்கலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் சரக்கோடு சிங்கப்பூர் போன ஒரு நாள் மத்தியானம் ராசம்மாவுக்கு வலி கண்டுவிட்டது.

நான் ஓடிப்போய்ப் பேச்சியம்மாளைக் கூட்டி வந்தேன். அவர் உள்ளே நுழைந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைக்கு எட்டிய முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான். அந்த மூட்டை ஒரு கயிற்றைப் பிடித்திருந்தது, கயிறு குடையைப் பிடித்திருந்தது. வெங்காயம் அத்தனையும் அவர் தலையில் கொட்டி, நடைபாதையில் உருண்டு, படியில் தடதடவென்று இறங்கியது. கீழே தவுக்கே என்னமோ கத்தினார்.

"அந்தப் பாவி வரட்டும்" என்று பேச்சியம்மாள் அடுத்த கயிற்றைப் பிடித்தார்.

"அதைத் தொடாதீங்க ஆத்தா! சைக்கிள் அதுலதான் தொங்குது!" என்று கத்தினாள் ராசம்மா.

சுவரில் சாய்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அப்புறம் தானே இறக்க ஆரம்பித்தாள், வாயாலேயே. "முதல்ல கூடை. ஆமா. அதுக்கப்புறம் பாய். பாயைப் படுக்கவெச்சு எடுங்க, அகப்பை விழும். இப்போ... அம்மா... முருகா..." வலி ஒரு சுற்றுச் சுற்றிப் போகும் வரைக்கும் நாங்கள் பிடித்ததைப் பிடித்தபடியே நிற்போம். போனதும், "ம், அந்த டின் இல்ல, நீல டின். அதை எடுத்தாத்தான் பலகை கழலும்" என்பாள். கோணாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சரக்கு இறங்கியது. பேச்சியம்மாள் உள்ளிருந்து நீட்ட, நான் வாசலிலேயே நின்று வாங்கி நடைபாதையில் அடுக்கினேன்.

"ஏத்துனவனுக்குக்கூட இவ்வளவு தெரியாது போலிருக்கே தாயி" என்றார் பேச்சியம்மாள்.

"தினம் தேடுறவ நான்தானே" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லாம் இறங்கியது. படமும் விளக்கும்தான் மிச்சம். நான் தொடக் கூடாது. பேச்சியம்மாள் ராசம்மா மேல் கை வைத்தாயிற்று, தீட்டான அந்தக் கையோடு விளக்கைத் தொட மாட்டேன் என்கிறார். ராசம்மாவால் இனி நிற்கவே முடியாது. அகலில் எண்ணெயும் குறைந்திருந்தது. "அக்கா, விளக்கு" என்றாள் ராசம்மா. அவ்வளவு நேரம் வலிக்கு அழாதவள் அப்போது அழுதாள். முருகா, உன் விளக்கு, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

முன் அறைச் சீனத்து அம்மா சத்தம் கேட்டு அப்போதுதான் எட்டிப் பார்த்தார். ஆ சோ என்று அவரைக் கூப்பிடுவோம். அண்ணி என்று அர்த்தம். எங்களுக்குள் பாதி மலாய், மீதி கைச்சாடை. படத்தைக் காட்டினேன், ராசம்மாவின் வயிற்றைக் காட்டினேன், விளக்கைக் காட்டிக் கையை ஆட்டினேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "தா அப்பா, தா அப்பா" என்று மலாயில் பரவாயில்லை சொல்லிக்கொண்டே உள்ளே போய், அகலை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

எங்கள் தீட்டு எதுவும் இல்லாத ஒரே ஆள் அந்த மாடியில் அவர்தான்.

நடைபாதையில் இருபுறமும் நான் அடுக்கிய சரக்கு. நடுவில் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். படிப்பக்கம் கடல் காற்று வேறு. நான் பின்னாலேயே, தொடாமல், முந்தானையை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு போனேன். சுடர் ஒரு தரம் படுத்தேவிட்டது. ஆ சோ நின்றார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அது மெல்ல எழுந்தது. அப்புறம்தான் நடந்தார்.

அவர் அறையில் சிவப்புத் தாள் ஒட்டிய ஒரு மாடத்தில் தோப்பேகோங் சாமி இருந்தார். ஆ சோ அந்தச் சாமியைக் கொஞ்சம் நகர்த்திப் பக்கத்தில் இடம் பண்ணி அகலை வைத்தார். திரும்பிப் போய்ப் படத்தையும் தூக்கி வந்தார். அங்கே படையலில் ஒரு துண்டு பன்றிக் கறி இருந்தது. வாசலிலேயே நின்ற நான் அதைப் பார்த்தேன். என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும் போலிருக்கிறது. அவர் கறித் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஆரஞ்சை மட்டும் விட்டு வைத்தார். பிறகு தன் விளக்கு எண்ணெயை அகலில் நிறைய ஊற்றினார்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சத்தம் அதற்கு.

அய்யாவு தம்பி வந்தபோது படியில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே ஏறினார். நடைபாதையைப் பார்த்தவர், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "ஒண்ணும் உடையலையே! யாரு இறக்கினது?" என்று கேட்டார்.

"மொதல்ல புள்ளயப் பத்திக் கேளுய்யா!" என்று உள்ளிருந்து பேச்சியம்மாளின் அதட்டல்.

அப்புறம்தான் அழுகைச் சத்தம் அவர் காதில் விழுந்தது. முகம் மாறிவிட்டது. "விளக்கு?" என்றார். நான் முன் அறையைக் காட்டினேன். தீட்டு என்பதால் ஆ சோவின் வாசலிலேயே நின்று பார்த்தார். முருகனும் தோப்பேகோங்கும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் அகல் எரிந்துகொண்டிருந்தது. பெரிய உடம்பு குலுங்க அழுதார்.

வேண்டுதல் முடிந்துவிட்டது, இனி விளக்கு மலையேறலாம் என்று ஆ சோவிடம் அவர் மலாயில் சொல்லிப் பார்த்தார். பிள்ளை வந்த அன்றைக்கு விளக்கை அணைக்கிற மடத்தனம் எங்கேயாவது உண்டா என்று ஆ சோ அவரை நன்றாகத் திட்டிவிட்டு, இன்னும் எண்ணெய் ஊற்றினார்.

தீட்டுக் கழித்து, புண்ணியாகம் செய்த அன்று, தம்பி குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு படத்தை எடுத்துவரப் புறப்பட்டார். வாசலில் ராசம்மா மறித்தாள்.

"எங்க மாட்டப் போறீங்க?"

தம்பி திரும்பிப் பார்த்தார். மேலே ஒன்றும் தொங்காமல், பக்கத்தில் ஒன்றும் முட்டாமல் இருந்த ஒரே இடத்தில், முருகன் இருந்த இடத்தில், இப்போது சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சுவரை அளந்தார். டிரங்குப் பெட்டியை மாற்றிப் பார்த்தார். சைக்கிளை இன்னும் மேலே ஏற்றினார். கூட்ஸ் வண்டிக்காரர் அரை நாள் வேர்த்துக் கொட்டியும், படம் நிற்க இடம் அகப்படவில்லை.

"அவரே அவர் எடத்தைக் குடுத்துட்டார். பேசாம விடுங்க" என்றாள் ராசம்மா.

எனக்கும் அது சரியென்று பட்டது. அதனால் சாயங்காலமானால் மூன்று பேரும் முன் அறைக்கே போய்க் கும்பிட்டு வந்தார்கள். ஆ சோவுக்கு அதில் சந்தோஷம்தான், பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ள ஒரு சாக்கு. ஆனால் ஒரு நாள் தம்பி கும்பிட்டு முடித்துத் திருநீறு பூசும்போது, அவர் கண் மாடத்துக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தின் மேல் விழுந்தது. கொஞ்சம் அதிக நேரம் அங்கேயே நின்றிருக்கும். ஆ சோ பிள்ளையோடு எழுந்து அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"தா போலே, அய்யாவு! முடியாது! சாமி மட்டும்!"

"ஒரே ஒரு டிரங்குப் பெட்டி ஆ சோ..." என்று தம்பி இழுத்தார்.

ராசம்மா அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.