சக்கரத்தில் சுற்றிய நார்

ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்று, அய்யாசாமி அண்ணன் ஒரு வாழைநாரைச் சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீட்டருக்குள்ளே என்ன இருந்தது என்று முதலாளி கேட்டதற்கு, "தூசிங்க" என்றார். அது நான் வைத்த பூச்சரத்தின் நார்.

1994ஆம் வருஷம். மைசூர் மேட்டகள்ளியில், எண்ணெய்க் கிணறுகளுக்கு மீட்டர் செய்யும் சின்னக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். குழாயில் எண்ணெய் ஓடும்போது மீட்டருக்குள் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அந்தச் சுற்றை வைத்துத்தான் எத்தனை லிட்டர் போனது என்று தெரியும். மீட்டர் சொல்வது சரிதானா என்று பார்ப்பது ராமாபுரத்துக்காரரான அண்ணனின் வேலை. மீட்டர் வழியே தண்ணீர் விட்டு, அதைத் தொட்டியில் பிடித்து நிறுத்துப் பார்ப்பார். நூறு லிட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல் பிசகினால் அவர் கையெழுத்துப் போடமாட்டார்.

பூஜையன்று ஒரு மீட்டர் திறந்தபடி இருந்தது. தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய சேவந்திச் சரத்தில் ஒரு துண்டு அறுத்து, சாமுண்டித் தாயை நினைத்து அதற்கும் சாத்தினேன். விடுமுறை கழிந்து வந்து பூவை எடுத்தேன். நார் அறுந்து உள்ளே தங்கியது எனக்குத் தெரியாது.

அந்த மீட்டர் அன்று நூறுக்கு ஒரு லிட்டர் குறைத்துக் காட்டியது. சாயங்காலம் பத்து மீட்டரும் லாரியில் ஏறாவிட்டால் ஆர்டரே போய்விடும் என்று முதலாளி மூன்று தரம் வந்து சொல்லிப் போனார். குறைவதற்குத் தக்கபடி கணக்கை மாற்றிச் சோதனைச் சீட்டு எழுதிவிடலாம் என்றார் என்ஜினியர் சீனிவாசன்.

"நூத்துக்கு ஒண்ணுதானேப்பா. நம்ம பால்காரன் பாதி தண்ணி ஊத்தறான், குடிக்கறோமில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"பால்காரரு நம்ம மூஞ்சியப் பாத்து ஊத்தறாருங்க சார். இது போற எடத்துல நம்ம மூஞ்சி யாருக்கும் தெரியாது. இது சொல்றதத்தான் நம்புவாங்க. பூஜைக்கு முன்னால சரியாக் காட்டுச்சு. நடுவுல என்னமோ ஆயிருக்குது."

சாப்பிடக்கூடப் போகாமல் மீட்டரைக் கழற்றினார். சக்கரத்தின் அச்சில் நார் சுற்றியிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். துடைப்பத்தோடு நின்ற எனக்கு வேலையே போய்விட்டது என்று தோன்றியது. அவர் நாரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டார். மூன்று தரம் ஓட்டினார். மூன்று தரமும் சரியாக நின்றது. ஆறு மணிக்கு லாரி கிளம்பியது.

எங்கோ கண்காணாத ஊர்களில் எண்ணெய் ஓடும்போது, அதை அளப்பது எங்கள் அண்ணன் கைபட்ட மீட்டர். அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. ஆனால் அதன் பிறகு நான் எந்த மிஷினுக்கும் பூ வைக்கவில்லை. பூஜையன்று தள்ளி நின்று கும்பிடுவதோடு சரி.

98இல் அவர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மாதம்மா, நாலு வருசமா பூ வெக்காம தள்ளியே நிக்கற. தாயி கோவிச்சுக்கப் போறா. இந்தத் தசராவுக்கு வெய்யி. மூடியப் போட்டுட்டு வெய்யி."