ஒன்பதாம் நம்பர் கம்பி

தி.நகரில் எங்கள் குடும்பத்துக்குத் துணிக்கடை. நூலில் நம்பர் ஏற ஏற மெல்லிசு. நாற்பதாம் நம்பர் முரடாக இருக்கும். நூறாம் நம்பர் வேட்டியைக் கட்டினால் கட்டியதே தெரியாது. அந்த நினைப்போடுதான் என் மனைவிக்கு கிதார் கம்பி வாங்கப் போனேன்.

அவள் மயிலாப்பூரில் வீணைக் குடும்பத்தில் பிறந்தவள். கல்லூரியில் எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கியதற்கு வீட்டில் ஒரு சண்டை, என்னைக் கட்டிக்கொண்டதற்கு இன்னொரு சண்டை. மந்தைவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் கிதார் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். மார்பில் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்ற ஆரம்பித்துச் சில மாதங்களில் விரல்நுனிகள் போயின. சில நாள் மரத்துக் கிடக்கும், சில நாள் ஊசியாகக் குத்தும். வகுப்பை நிறுத்தினாள். வாசிப்பதை நிறுத்த மனம் வரவில்லை.

“இப்ப இருக்கறது பத்து. அழுத்த முடியல. இதைவிட மெல்லிசா வாங்கிண்டு வா” என்றாள்.

கடையில் யாரையும் கேட்காமல், பன்னிரண்டு என்று போட்டிருந்த பாக்கெட்டை எடுத்து வந்தேன். அவள் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

“இதை மாட்டி ஈரத்துணி காயப்போடலாம்டா. இது உங்க கடை நூல் இல்ல. இங்க நம்பர் ஏறினா தடிமன்.”

அடுத்த முறை மருந்து ஏறும்போது, பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்குத் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கம்பி தயாராகும் தொழிற்சாலை. எஃகுக் கம்பியைச் சின்னத் துளை வழியாக இழுக்கிறார்கள். பிறகு அதைவிடச் சின்னத் துளை. இழுக்க இழுக்க மெலிகிறது, மெலிய மெலிய உறுதியாகிறது. மெல்லிய மூன்று தந்திகளுக்கு அந்த எஃகே போதும். மற்ற மூன்றுக்கு, எஃகை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிச் சுழலவிட்டு, மேலே நிக்கல் பூசிய கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள்.

“ஏன் சுத்தணும்? தடிமனான கம்பியாவே போட்டா என்ன?”

“விறைச்சு நிக்கும், பாடாது. கீழ் சுருதிக்குக் கனம் வேணும், ஆனா வளையவும் வேணும். அதுக்குத்தான்.”

“வீணைக் கம்பி போட்டா?”

“அதுல தடிமன் கம்பி பித்தளை. கிதார்ல கம்பிக்கு அடியில இருக்கற காந்தம் பித்தளையைக் கண்டுக்காது. ஸ்பீக்கர்ல சத்தமே வராது.” சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் தூங்கிவிட்டாள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் முழுவதும் பார்த்தேன்.

கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு காலையில் இருவருமே அந்தக் கிதார் கடைக்குப் போனோம். விற்பனையாளர் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்றில் சுற்றுக்கம்பி தட்டைநாடா போல, வழவழவென்று இருந்தது. மற்றது வழக்கமானது, தடவினால் ரம்பம் மாதிரி நெருடியது.

“மேடம், இந்த வழவழப்பு கைக்கு சுகமா இருக்கும்” என்றார்.

நானும் அதையே சொன்னேன். அவள் தலையசைத்தாள். “சத்தம் போர்வைக்குள்ளேர்ந்து வர மாதிரி இருக்கும். வேண்டாம்.”

“வலிக்குமே.”

“வலிக்கட்டும். வலிச்சா விரல் இருக்குன்னாவது தெரியும்.”

நெருடும் கம்பியில் ஒன்பதாம் நம்பர் வாங்கினோம்.

அன்று மதியமே மாட்டினாள். இடது கை விரலை வைத்து அழுத்தி, மீட்டினாள். தொப்பென்று ஒரு சத்தம். மறுபடி மீட்டினாள். அழுத்தம் போதவில்லை, போதவில்லை என்பது விரலுக்குத் தெரியவுமில்லை. “இங்க வா, உன் விரலைக் குடு” என்றாள்.

அவள் சொன்ன இடத்தில் நான் அழுத்தினேன். அவள் வலது கையால் மீட்டினாள். “இன்னும் மேல. அந்த இரும்புக் கட்டைக்குப் பக்கத்துல. விடாதே.” என் விரலில் கோடு பதிந்தது. மெதுவாக, தப்பும் தவறுமாக, ஒரு பாட்டின் முதல் வரி வந்தது. சில மதியங்கள் அப்படிப் போயின. இரண்டாம் வரிக்கு நாங்கள் வரவேயில்லை. ஐப்பசி மழையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீடு திரும்பவில்லை.

கடல் பக்கம் என்பதால் எங்கள் தெருவில் இரும்பு தாங்காது. கிதார் சுவரிலேயே தொங்கியது. இந்தக் கோடையில் தூசி துடைத்தபோது துணியில் துரு ஒட்டியது. கடைக்குப் போய், வழவழப்பு வேண்டாம் என்று சொல்லி, ஒன்பது கேட்டேன்.

“மேடம் வரலையா சார்?”

“ஊர்ல இல்லை” என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, புதியதை ஒவ்வொன்றாகக் கட்டினேன். போனை வைத்துச் சுருதி பார்த்தேன். ஆறு தந்தியும் சேர்ந்துவிட்டன. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்த எனக்கு விரல் இருந்தது. எங்கே அழுத்துவது என்றுதான் தெரியவில்லை.