கூர்க்கா கத்திக்குப் பூ கேட்ட நாள்

கங்கப்பன் வீட்டு நடுச்சுவரில் பதினேழு கத்திகள் தொங்கின. மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டும் கத்தி, பாளை சீவும் கத்தி, செருப்புத் தைப்பவரின் பட்டைக்கத்தி, குடகிலிருந்து வந்த வெள்ளிப்பூண் போட்ட கத்தி என்று வரிசையாக ஆணியடித்து மாட்டியிருந்தான். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி எண்ணெய் போட்டுத் துடைப்பான். எதைக்கொண்டும் ஒரு துரும்பைக்கூட வெட்டவிட மாட்டான். அவன் மனைவி மங்கம்மா மொண்ணையாகிப்போன ஒரே அரிவாள்மனையை வைத்துக்கொண்டு பூசணிக்காயோடு மல்லுக்கட்டுவாள்.

"ஊர்ல இருக்கற இரும்பெல்லாம் எங்க வூட்டுலதான். கத்திரிக்கா அரியத்தான் கத்தி இல்ல" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அதில் சிரிப்பு பாதி, எரிச்சல் பாதி.

மற்றபடி ஆள் தங்கம். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் நாலு ஏக்கர் மாந்தோப்பு, ஒரு ஜோடி காளை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. கத்தி என்று வந்துவிட்டால் மட்டும் புத்தி கழன்றுவிடும்.

ஐம்பத்து நாலாம் வருஷம் கோடையில், சாந்த் பாஷாவின் லாரியில் மாங்காய் ஏற்றிக்கொண்டு பெங்களூர் மண்டிக்குப் போனான். அங்கே காவலுக்கு இருந்த நேபாளத்துக் கூர்க்காவின் இடுப்பில் அதைப் பார்த்தான். பார்த்தவன் மாங்காயை மறந்தான். முன்பக்கம் வளைந்து, முதுகு தடித்து, நுனியில் கனம் கூடிய கத்தி. எருமைக்கொம்புப் பிடி. தோல் சுற்றிய மர உறையில் இரண்டு குட்டிக்கத்திகள் வேறு. ஒன்று கூர், இன்னொன்று நெருப்புக்கல் தட்டுவதற்கான மொண்ணை. அலகை வெயிலில் சாய்த்தால் சம்மட்டி விழுந்த தடங்கள் லேசாகத் தெரிந்தன. யாரோ ஒரு கொல்லன் கையாலேயே தட்டித் தட்டிச் செய்தது என்று கங்கப்பனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சாந்த் பாஷா இந்துஸ்தானியில் பேசி விசாரித்தான். கூர்க்காவின் சித்தப்பா அடித்த கத்தி; விறகு பிளக்கவும் கோழி அறுக்கவும் வைத்திருந்தானாம். ஊருக்குத் திரும்பப் போகிறவன் அவன். எதைக் கொடுத்தாலும் தரமாட்டேன் என்றவன், கங்கப்பனின் காதில் மின்னிய கடுக்கனைப் பார்த்ததும் யோசித்தான்.

அந்தக் கடுக்கன் கல்யாணத்தில் மாமனார் போட்டது. கங்கப்பன் யோசிக்கவேயில்லை.

வெறுங்காதோடு வந்து நின்றவனைப் பார்த்து மங்கம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. அவனுக்கோ அது உறைக்கவேயில்லை. காலையில் எழுந்ததும் கத்தி, சாப்பிட்டுக் கை கழுவியதும் கத்தி. உறையிலிருந்து உருவும்போது வருகிற அந்த மெல்லிய சத்தத்துக்காகவே பத்துத் தடவை உருவிப் போடுவான். அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் போய் வாயைக் கொடுத்தான்.

"பர்மா சண்டையில போன கத்தி இது. எத்தினி தலை உருண்டிச்சோ! பிடிகிட்ட ஒரு வெட்டு இருக்குது பாரு, ரத்தம் கைக்கு வராம அந்தாண்ட சொட்டறதுக்கு."

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். கங்கப்பனுக்கு அது போதும்.

பத்தே நாளில் ஊருக்குள் கோமாரி நுழைந்தது. மாடுகள் வாயில் நுரை தள்ளின, குளம்பு வெடித்து நிற்கமுடியாமல் படுத்தன. முதல் வாரத்தில் மூன்று செத்தன. இரண்டாம் வாரம் கங்கப்பன் வீட்டுச் செவலைக் காளையும் தண்ணீரை ஒதுக்கியது. கன்றாக இருக்கும்போதே தாய்வீட்டிலிருந்து மங்கம்மா ஓட்டிவந்து வளர்த்த காளை அது. அவள் ராகிக் கூழை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டியபடி அதன் பக்கத்திலேயே கிடந்தாள்.

எல்லைச்சாமி முனீஸ்வரனின் பூசாரி கரியப்பன் ஊர்க் கூட்டத்தில் எழுந்தார். "மனுச ரத்தம் பார்த்த ஆயுதம், சாமிக்குச் சொல்லாம எல்லை தாண்டி வந்திருக்குது. அது சாமி காலடியில சேரணும்."

முனீஸ்வரன் காலடியில் நட்டுவைத்த அரிவாள்களைக் கங்கப்பன் எத்தனையோ தடவை பார்த்து ஏங்கியிருக்கிறான். வெயிலிலும் மழையிலும் கிடந்து துருவேறி உதிர்ந்துகொண்டிருப்பவை. அந்தக் கூட்டத்தில் தன் கத்தியா?

"ஐயோ, அது வெறகு பொளந்த கத்தி பூசாரி! பாஷாவக் கேட்டுப் பாருங்க."

சாந்த் பாஷாவும் சத்தியமாகச் சொன்னான். யார் கேட்டார்கள்? "அன்னிக்கு டீக்கடையில தலை உருண்டிச்சின்னு சொன்னது நீதானே?" என்று சென்னகிருஷ்ணன் மடக்கினார். அவருடைய இரண்டு மாடும் போயிருந்தன. கடைசியில் பூ கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் கத்தி கங்கப்பனுக்கு, சிவப்பு வந்தால் சாமிக்கு.

யாருடைய வழக்கோ அவர் வீட்டில்தான் பொட்டலம் கட்டவேண்டும் என்பது அந்த ஊர் முறை. கட்டிவைத்துவிட்டுக் குளித்து, ஈரத்துணியோடு எடுத்துவர வேண்டும். உள்ளே வந்து யாரும் பார்ப்பதில்லை. முனீஸ்வரனிடம் விளையாட எவனுக்கும் துணிச்சல் வராது என்ற நம்பிக்கை.

கங்கப்பனுக்கு வந்தது. மங்கம்மாவைத் தண்ணீர் சேந்தி வரச்சொல்லி அனுப்பிவிட்டு, வாழையிலைத் துண்டுகளை எடுத்தான். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்து நாரால் கட்டினான். செவ்வரளியை ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் தள்ளினான். அப்புறம் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

உச்சிவேளையில் ஊரே கோயிலில் கூடியிருந்தது. பூசாரி பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். கங்கப்பன் உறையோடு கத்தியை நெஞ்சில் அணைத்தபடி நின்றான். ஒன்றைப் பிரித்தபிறகு மற்றதைப் பிரிக்காமல் கிணற்றில் போடுவதுதான் வழக்கம். ஆனால் இன்றைக்கு யாராவது அதையும் பிரிக்கச் சொன்னால்? சென்னகிருஷ்ணன் சொல்லக்கூடிய ஆள். செவலை செத்தால்? முனீஸ்வரனின் உருட்டு விழிகள் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஐந்து வயதுப் பெண்குழந்தை முன்னால் வந்தது. இந்தப் பொட்டலத்தைத் தொட்டது, அந்தப் பொட்டலத்தைத் தொட்டது, மறுபடி இதற்கே வந்து எடுத்தது. கரியப்பன் நாரை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து இழுத்து, இலையை விரித்தார்.

செவ்வரளி!

"சாமி கேக்குதுடா, கங்கா!"

"அது எப்படி..." என்று கத்தியேவிட்டான் கங்கப்பன்.

"இன்னாடா எப்படி?" பூசாரி திரும்பினார். ஊர் முழுக்க அவனைப் பார்த்தது. சிவப்பு வரவே முடியாது என்று அவனுக்குத் தெரியும். அது எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வருமே! பெண்கள் பக்கம் பார்த்தான். மங்கம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல, பூசாரி."

கத்தியை உருவினான். அந்த மெல்லிய சத்தம் வந்தது. உச்சி வெயிலில் சம்மட்டித் தடங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. துருப்பிடித்த அரிவாள்களுக்கு நடுவே மண்ணில் அதை இறக்கிவிட்டு, வெறும் உறையோடு வீட்டுக்கு நடந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவனுக்கு முன்பே வீடு வந்துவிட்ட மங்கம்மா காளைக்குக் கூழ் புகட்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பாய்ந்தான்.

"பொட்டலத்த மாத்தினது நீதானே?"

"நான்தான்" என்றாள், தலையைத் தூக்காமல். "தண்ணியோட வந்தப்ப ஆட்டுக்கல்லுக்குப் பின்னால கெடந்த செவ்வரளியப் பார்த்தேன். நீங்க குளிக்கப் போனப்ப மாத்திக் கட்டினேன்."

"பாவி, ரெண்டுலயும் சிவப்ப வெச்சி என் கத்திய..."

அவள் இப்போது நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"ரெண்டயும் எதுக்கு மாத்தறேன்? நான் உங்கள மாதிரியா? ஒண்ணத்தான் மாத்தினேன். இன்னொண்ணு நீங்க கட்டின வெள்ளையேதான். கொழந்த கை அந்தப் பக்கம் போயிருந்தா கத்தி இந்நேரம் நம்ம செவுத்துல. சாமியே எடுத்துக்கிச்சி, போய் சாமியக் கேளுங்க."

கங்கப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கை தானாக வெறுங்காதைத் தடவியது. அப்புறம் எழுந்து, சுவரிலிருந்த குடகுக் கத்தியை இறக்கி, அடுப்படியில் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்தான். மங்கம்மா அன்றைக்கே அதில் பூசணிக்காய் அரிந்தாள்.

செவலை பிழைத்துக்கொண்டது. ஊரில் மேலும் இரண்டு மாடுகள் செத்தன. வெள்ளிக்கிழமை தவறாமல் கங்கப்பன் முனீஸ்வரன் கோயிலுக்குப் போக ஆரம்பித்தான். அங்கே எல்லா அரிவாளும் துருவேறிக் கிடக்க, கூர்க்கா கத்தி மட்டும் வருஷக்கணக்கில் பளபளவென்று நின்றது. சாமியின் சக்தியைப் பார் என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்க் கிண்ணத்தையும் பழந்துணியையும் எடுத்து அவன் கையில் கொடுக்கிற மங்கம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை.