நாடா முடியும்வரை பேசமாட்டார்

அடுப்படி ஜன்னல் கம்பியில் ஒரு முனை, வாசல் கதவின் கைப்பிடியில் மறு முனை. இடையில் வீட்டின் நீளத்துக்கு விறைப்பாக நிற்கிறது தோல் நாடா. சாயத்தில் தோய்த்த ஸ்பாஞ்சை மடித்து, நாடாவை அதற்குள் கவ்வவைத்து, அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். இனி வாசல் வரும்வரை வாய் திறக்கமாட்டார். கதவைத் தட்டுகிறவர்கள் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

கைப்பைகளின் ஓரம் பின்னுவதற்கான நாடா அது. காய்ந்த தோல் சாயத்தைத் திட்டுத் திட்டாகக் குடித்துவிடும் என்று முதலில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. புறப்படும்போது ஸ்பாஞ்சில் சாயம் ததும்பும், பிடி லேசாக இருக்கும். வாசல் நெருங்க நெருங்க விரல்கள் இறுகும். நின்றால் நின்ற இடம் கறுத்துவிடும், ஓடினால் வெளிறிவிடும். பேசினால் நடை தடுமாறும் என்பது அவர் கட்சி. எப்போதும் இரண்டு நாடாக்கள் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருக்கும். ஒன்று முடிந்ததும் முக்காலி, தேநீர். பிறகுதான் அடுத்தது.

இந்த வாய்ப்பூட்டை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர் அவர் மனைவி. பாதி வீட்டைத் தாண்டட்டும் என்று காத்திருப்பார்.

"என்னங்க, எங்கண்ணன் குடும்பத்தோட வந்து பத்து நாள் தங்கறாராம். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவருடைய புருவம் மட்டும் ஏறி இறங்கும். முக்காலியில் உட்கார்ந்ததும் பொரிந்து தள்ளுவார்.

"உங்கண்ணன் ஒண்ணும் வர வேணாம்!"

"கேட்டப்ப கம்முனு இருந்துட்டு இப்ப என்ன? வரச் சொல்லியாச்சு."

இப்படித்தான் இந்த வீட்டுக்கு மஞ்சள் திரைச்சீலையும் ஒரு பூனையும் மைத்துனரும் வந்து சேர்ந்தார்கள்.

ஒரே மகள். எலக்ட்ரீஷியன். சரக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, ஒன்பது மாதம் கடலில். மூன்று வாரமாக அப்பாவின் பதில் ஒன்றுதான்.

"முடியாது. தண்ணிக்கு நடுவுல உனக்கு ஒண்ணுன்னா நான் எதுல ஏறி வர்றது?"

குரல்தான் கோபம், உள்ளே இருப்பது பயம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்று மாலைக்குள் கம்பெனிக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

இன்று அவர் பாதி வீட்டைத் தாண்டியபோது மகள் நாடாவுக்கு அடியில் குனிந்து வந்து வாசலில் நின்றாள். அம்மாவின் பெண் அல்லவா.

"அப்பா, நான் வர்றேன்னு எழுதப் போறேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் கால் நிற்கவில்லை. கடைசி முழத்தில் விரல்கள் இறுகின. வாசல் வந்தது. நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே காப்பி நிறம்.

மனைவி தேநீரோடு வந்தார். இனி அவர் தாராளமாகப் பேசலாம். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமினார். முக்காலியைப் பார்த்தார், தேநீரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், ஸ்பாஞ்சைச் சாயத்தில் முக்கி, இரண்டாவது நாடாவைக் கவ்வவைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.