உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு நேர்முகம்

மருத்துவ பீடத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள், புள்ளிகளை மட்டும் பார்ப்பதை விட்டு, மனிதரோடு பழகத் தெரிகிறதா என்றும் சோதிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு சூழ்நிலையை எழுதி ஒட்டியிருப்பார்கள். வாசித்துவிட்டு உள்ளே போனால், ஒரு நடிகர் அழுதுகொண்டோ கத்திக்கொண்டோ இருப்பார். அவரோடு பேச வேண்டும். எட்டு நிமிடத்தில் மணி அடிக்கும். அடுத்த அறை.

விண்ணப்பித்திருந்த எனக்கு இது பிடித்துப்போயிற்று. இணையத்தில் அகப்பட்ட மாதிரிக் கேள்விகளையெல்லாம் அச்செடுத்து, 'முதலில் கேள், தீர்ப்புச் சொல்லாதே, இரகசியத்தைக் காப்பாற்று' என்று வாய்ப்பாடு போலச் சொல்லித் திரிந்தேன். அப்பாவுக்கு அதை விளக்கிய அன்றோடு விளையாட்டு என் கையை விட்டுப் போனது.

"நடிகருக்கு எங்க போறது? எங்கட ஆக்கள் இருக்கினம்தானே!" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு, பிரெஞ்சு மாகாணத்துப் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், எங்கள் வீடே பரீட்சை மண்டபமாகிவிட்டது. கதவுகளில் கேள்வித் தாள்கள். கையில் சாமியறை மணியோடு அப்பா. வாசலை மறித்து உறவினரின் கார்கள், பின்கதவை மறித்து இடுப்பளவு பனி. பிறந்ததிலிருந்து ஓடித்திரிந்த வீட்டில் வெளியே போக ஒரு வழியும் இல்லாமல் அறை அறையாகச் சுற்றினேன்.

எங்கள் ஆட்களுக்கு நடிக்கத் தெரியாது என்பது முதல் அறையிலேயே தெரிந்துவிட்டது. அங்கே இருந்தவர் பெரியப்பா. நான் அவருடைய வண்டியை இடித்துவிட்டேனாம், சமாதானம் பேச வேண்டும்.

"எந்த வண்டி? என்ர வானோ?" என்று எழும்பினார். "ரொக்ஸ்பரோ ஸ்டேஷனடியில ஒருத்தன் இடிச்சிட்டு ஓடினவன். நீ கண்டனியோ?"

"உங்கட மனவருத்தம் எனக்கு விளங்குது."

"விளங்கி? பம்பர் வருமோ?"

குசினியில் அம்மா, சோதனையில் பார்த்தெழுதிய சிநேகிதி. "நான் ஏன் பாத்தெழுதப் போறன்? வகுப்பில முதலாம் பிள்ளை நான்தான்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டு என் வாயில் வடையைத் திணித்தார். கொடுத்த வேடத்தை ஒருவரும் போடவில்லை. ஆளாளுக்குத் தங்கள் சொந்தக் கதையையே சொன்னார்கள்.

உடுப்புத் தோய்க்கும் அறையின் கதவில் இப்படி இருந்தது: 'நோயாளி மருந்தை எடுப்பதாகப் பொய் சொல்கிறார். அவரோடு பேசுங்கள்.' உள்ளே அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்கள் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம். மருந்து எடுக்கிறதில ஏதும் கஷ்டம் இருக்கோ?"

"கதவைச் சாத்து."

சாத்தினேன்.

"பனிக்காலம் தொடங்கினதில இருந்து எடுக்கிறேல்லை," என்றார். "அந்தச் சீனி வருத்தக் குளிசையைப் போட்டா வேலையில தலை சுத்துது. சூப்பர்வைசர் முறைக்கிறான். உன்ர சித்தப்பா காலமை தண்ணியோட கொண்டந்து நீட்டுவார். வாயுக்க வைச்சிட்டு, பாத்ரூமில துப்பிப்போடுவன்."

பாத்ரூம் அந்தத் தாளில் இல்லை.

"சின்னம்மா, உண்மையாவோ?"

பதிலாகக் காலுறையைக் கழற்றிக் காட்டினார். சின்ன விரலில் ஒரு புண். ஓரம் கறுத்திருந்தது. "மாறுதில்லை," என்றார், துவாயில் கறை போகவில்லை என்பதுபோல.

சீனி வியாதிக்காரருக்குக் காலில் புண் ஆறாவிட்டால் என்ன ஆகும் என்று நான் வாசித்திருந்தேன். விரலோடு நிற்காமலும் போகலாம்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. ரகசியம் காப்பாத்துறதுதானே உன்ர சோதினை?"

மணி அடித்தது. "காணும், காணும், அடுத்த அறை!" என்று அப்பா கதவைத் திறந்தார். சின்னம்மாவின் கண் என்னிலேயே இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். அதன்பிறகு எந்த அறையில் யாரிடம் என்ன பேசினேன் என்பது நினைவில்லை.

முடிவில் எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு அறையிலும் நடந்ததை நான் சொல்ல வேண்டும், அவர்கள் குறை பிடிப்பார்கள். அப்பாவின் ஏற்பாடு. சின்னம்மாவின் முறை வந்தது.

"மருந்து எடுக்காத ஆள் என்ன சொன்னவ?" என்றார் அப்பா.

சின்னம்மா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சித்தப்பா. சொன்னால் சின்னம்மா இனி என்னிடம் வாய் திறக்க மாட்டார். சொல்லாவிட்டால் அந்த விரல்.

"அது நோயாளியின்ர விஷயம்," என்றேன். "சொல்லமாட்டன்."

மேசை அதிரக் கைதட்டினார்கள். "பாத்தியளே! இதுதான் விடை!" என்று அப்பா மணியையும் ஆட்டினார். "இவளுக்கு இடம் கிடைக்கும்," என்றார் பெரியப்பா. முழுப் புள்ளி எடுத்திருந்தேன், புண் அப்படியே இருந்தது.

சித்தப்பா முதலில் போய்க் காரைச் சூடாக்கினார். வாசலில் சின்னம்மா ஒரு காலில் சப்பாத்தை மாட்டிவிட்டு மற்றதைத் தேடினார். அது என் கையில் இருந்தது.

"தா பிள்ளை, அந்தாள் நிக்குது."

"எப்ப டொக்டரிட்டப் போறியள்?"

"பேந்து கதைப்பம்."

"இப்ப சொல்லுங்கோ."

"சோதினை முடிஞ்சுதடி."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், சின்னம்மா. ஆனா இதைத் தரவும் மாட்டன்."

"அப்ப நான் காலுறையோட பனிக்குள்ள போறதோ?"

"போங்கோவன் பாப்பம்."

வெளியே ஹோர்ன் அடித்தது. "என்ன அங்க?" என்று அம்மா குசினியிலிருந்து கத்தினார்.

"ஒண்டுமில்லை அக்கா. உங்கட டொக்டர் என்னை விடுறாளில்லை."

சின்னம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். மறுபடியும் ஹோர்ன்.

"நாளைக்கு எனக்குப் பின்னேர வேலைதான்," என்றார், குரலைத் தாழ்த்தி. "காலமை எங்கட வீட்டடி மெட்ரோவில வந்து நில். நீயும் டொக்டரிட்ட உள்ளுக்கு வரோணும். பிரெஞ்சில கேட்டா நான் எல்லாத்துக்கும் ஓம், 'வுய்' எண்டு சொல்லிப்போடுவன்."

"சித்தப்பாவுக்கு?"

"நான் சொல்லுறன். நீ வாயைத் திறக்காதை."

சப்பாத்தைக் கையில் கொடுக்காமல், குந்தியிருந்து நானே மாட்டிவிட்டேன். விரலடியில் வந்ததும் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"மெல்ல," என்றார். "மெல்ல."